கோண்டாவில் வளவுப் பலாவில் தட்டுக்காளான்: கனோடெர்மாவா, பெல்லினஸா?

வளவுக்காரன் எழுதியது:

வணக்கம். கோண்டாவிலில் எங்கள் வளவில், கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையே, அப்பப்பா காலத்துப் பலா ஒன்று நிற்கிறது. போன மாரியில் அதன் அடியில், மண்ணோடு ஒட்டினாற்போல, ஒரு தட்டுக்காளான் தலைகாட்டியது. நாய்க்குடையைப் போல இரண்டு நாளில் அழுகிப்போகும் என்று விட்டுவிட்டேன். அது போகவில்லை. சோளகம் முழுவதும் காய்ந்து நின்று, ஐப்பசி மழை தொடங்கியதும் விளிம்பில் வெள்ளை வளையம் ஒன்று கட்டி, இப்போது சோற்றுக்கோப்பை அளவுக்கு விரிந்துவிட்டது. அதற்கு நேர்மேலே, நெஞ்சளவு உயரத்தில், முன்னர் கிளை தறித்த காயத்தில் இன்னொன்று நிற்கிறது. அது சிறியது, ஆனால் மாட்டுக் குளம்பு போலத் தடித்தது.

அளவெடுத்திருக்கிறேன். கீழுள்ளது 27 சென்ரிமீற்றர் அகலம், மரத்தோடு ஒட்டும் இடத்தில் 5 சென்ரிமீற்றர் தடிப்பு, மேற்புறம் மங்கிய கபில நிறம், வரம்பு வரம்பாக, பளபளப்பு எதுவும் இல்லை, அடிப்புறம் வெள்ளை. நகத்தால் கீறினால் கீறிய இடம் உடனே கபிலமாகிறது. மேலுள்ளது 11 சென்ரிமீற்றர் அகலம், 7 சென்ரிமீற்றர் தடிப்பு. மேற்புறம் கருமை, காய்ந்த குளத்துச் சேறு போல வெடித்திருக்கிறது. அடிப்புறம் துருப்பிடித்த இரும்பின் நிறம்.

இரண்டின் மேற்புறத்திலும் கோக்கோத்தூள் போன்ற கபிலத் தூள் படிந்திருக்கிறது. கிணற்றுக் கட்டிலும் அதே தூள்தான். ஆகவே இரண்டும் ஒரே இனம், ஒன்று இளையது, மற்றது முதியது என்பது என் எண்ணம். உறவினர் ஒருவர் இது ரெய்ஷி என்னும் மருந்துக் காளான், அவித்துக் குடிக்கலாம் என்கிறார். மரம் தறிக்க வந்தவரோ மரம் முடிந்துவிட்டது என்கிறார். பெயர் தெரிந்தால்தான் யார் சொல்வதைக் கேட்பது என்று முடிவெடுக்கலாம்.

பூஞ்சணப் பித்தன் எழுதியது:

முதலில் அவித்துக் குடிக்கும் பேச்சை நிறுத்திவிடுங்கள், அண்ணை. கடைகளில் ரெய்ஷி, லிங்சி என்று விற்கப்படுவது கனோடெர்மாப் பேரினத்திலேயே மேற்புறம் அரக்குப் பூசியதுபோல மின்னும் ஒரு பிரிவு. அந்த மினுக்கம் இல்லாத, மங்கிய மேலோடுடைய கனோடெர்மாக்கள் தனிப் பிரிவு. அரக்குப் பிரிவுக்குள்ளேயே பெயர்க் குழப்பம் தீரவில்லை. கனோடெர்மா லூசிடம் என்ற பெயருக்கு மூலமான காளானை 1781 இல் தாவரவியலாளர் கேர்ட்டிஸ் விபரித்தது இங்கிலாந்தில். அதே பெயரை ஆசியாவில் மின்னிய எல்லாவற்றுக்கும் நூறாண்டுக்கு மேலாக ஒட்டிவந்தார்கள்; சீனத்து மருந்துக் காளானுக்கு 2012 இல்தான் கனோடெர்மா லிங்சி என்று தனிப்பெயர் வைத்தார்கள். மரத்தடியில் கண்டதை மருந்துக் கடைப் பெயரால் அழைத்து வாயில் வைப்பது சரியல்ல.

கோக்கோத்தூளைப் பார்த்தால் கீழுள்ளது கனோடெர்மாவாக இருக்கலாம் என்று எனக்கும் படுகிறது. மேலுள்ளதைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்லமாட்டேன். அடிப்புற நிறமே வேறாக இருக்கும்போது இளையது, முதியது என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை.

நான்கு விடயங்கள் தேவை. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் எத்தனை துளைகள் உள்ளன என்று கைவில்லையால் எண்ணுங்கள். இரண்டையும் நெடுக்காக வெட்டி, உட்சதையின் நிறத்தையும் குழாய்கள் எத்தனை அடுக்காக உள்ளன என்பதையும் பாருங்கள். சதையில் ஒரு துளி காரம் விடுங்கள்: பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் 5 வீதம், கிடைக்காவிட்டால் சவர்க்காரம் காய்ச்சுபவர்கள் வாங்கும் கோஸ்ரிக் சோடாவில் 5 கிராமை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்தது. கையுறை போடாமல் தொடவேண்டாம். கடைசியாக, துளைகள் கீழே இருக்கத்தக்கதாக ஒவ்வொரு துண்டையும் வெள்ளைத் தாளில் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி, ஓரிரவு விட்டு, உதிரும் வித்தித் தூளின் தடத்தை, அதாவது வித்திப்பதிவை, எடுங்கள்.

மரக்காலை எழுதியது:

எனக்கு நுணுக்குக்காட்டி தெரியாது, மரம் தெரியும். கிளை தறித்த காயத்தில் உளியால் ஒரு சிராய் எடுத்துப் பாருங்கள். உக்கிய மரம் வெளிறி, நார்நாராகப் பஞ்சு போல இழுபட்டால் அது வெள்ளை உக்கல். கபிலமாகி, சதுரக் கட்டிகளாக வெடித்து, விரலிடையில் நசித்தால் மாவாகிறதென்றால் அது கபில உக்கல். இரண்டும் வேறு வேறு காளான்களின் வேலை. எங்கள் மரக்காலைக்கு வரும் பலாக் குற்றிகளில் நடுவைரம் மஞ்சளாக இருக்க, அடியில் மட்டும் வெளிறிப் பஞ்சாகியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அரியும்போது வாளில் மாவு வராது, நார்தான் வரும்.

வளவுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன்.

கீழுள்ளதைக் கறிக்கத்தியால் வெட்ட முடிந்தது. உட்சதை கடும் கபிலம், தக்கை போன்றது. அதன் கீழே குழாய்கள் இரண்டு அடுக்காக உள்ளன. துளைகள் மில்லிமீற்றருக்கு 4 அல்லது 5. மேலுள்ளதில் கத்தி இறங்கவே இல்லை. இரும்பு அரியும் வாளால்தான் அறுத்தேன். உள்ளே மஞ்சள் கலந்த துரு நிறம். குழாய் அடுக்குகள் எட்டு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். துளைகள் இன்னும் நுண்ணியவை, 5 அல்லது 6. சிராய் எடுத்த மரம் வெளிறி நாராக வந்தது.

வித்திப்பதிவில் கீழுள்ளது ஓரிரவிலேயே தாளைக் கோக்கோ நிறமாக்கிவிட்டது. மேலுள்ளது மூன்று இரவாகியும் எதுவும் உதிர்க்கவில்லை.

காரம் விட்டேன். இரண்டும் கறுத்தன, அதுவும் விட்ட கணத்திலேயே. சதை காரத்தில் கறுத்தால் பெல்லினஸ் என்ற மரக்காளான் குடும்பம் என்று ஓரிடத்தில் வாசித்தேன். அப்படியானால் இரண்டும் பெல்லினஸா?

உரும்பிராய் வாத்தியார் எழுதியது:

தம்பி, நீங்கள் வாசித்ததில் பாதிதான் உண்மை. பெல்லினஸ் சார்ந்த குடும்பத்தின் சதை காரத்தில் நிலையாகக் கறுக்கும் என்பது சரி. ஆனால் காரத்தில் கறுப்பது எல்லாம் அந்தக் குடும்பம் என்று அதைத் திருப்பிப் போடக்கூடாது. கபிலச் சதையுடைய கனோடெர்மாவும் காரம் பட்டால் அப்படியேதான் கறுக்கும். வெள்ளைச் சதையுடைய திரமீட்டஸ் வகைகளை விலக்குவதற்கு இந்தச் சோதனை பயன்படும். உங்கள் மரத்தில் மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு கபிலக்காரரைப் பிரிப்பதற்கு அது உதவாது.

இனி நுணுக்குக்காட்டிதான். மூன்று விடயங்களைத் தேடவேண்டும்: வித்தியின் சுவரும் உருவமும், காளானின் உடலை ஆக்கும் நுண்ணிழைகளின் குறுக்குச்சுவரில் கிளாம்ப் எனப்படும் கொளுவிப் புடைப்பு உண்டா என்பது, குழாயின் உட்சுவரில் தடித்த கபில முட்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றனவா என்பது. கனோடெர்மாவின் வித்திக்கு இரட்டைச் சுவர் உண்டு. உட்சுவர் கபிலம், அதிலிருந்து நுண்ணிய தூண்கள் எழுந்து, நிறமற்ற வெளிச்சுவரைத் தாங்கும். முதிர்ந்த வித்தியின் ஒரு முனை அரிந்துவிட்டதுபோலத் தட்டையாக இருக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். பெல்லினஸ் சார்ந்தவற்றின் வித்தியில் இந்த வேலைப்பாடு எதுவும் இருக்காது. அவற்றின் இழைகளில் கொளுவியும் இருக்காது. முட்களோ சில பேரினங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை.

மாதிரியை ஈரமாகப் பொலித்தீன் பைக்குள் போட்டுவிடாதீர்கள். வெயிலில் காயவைத்துக் கடதாசிப் பையில் இடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பை.

தாவரவியல் மாணவி எழுதியது:

வணக்கம். நான் திருநெல்வேலியில் படிக்கிறேன். கோண்டாவில் போகும் வழிதான். அண்ணை, மாதிரிகளைத் தந்தால் ஆய்வுகூட நேரம் முடிந்தபின் பார்த்துச் சொல்கிறேன்.

தாவரவியல் மாணவி எழுதியது:

மூன்று நாள் தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு மாதிரிகளிலிருந்தும் தூளை ஊசிமுனையால் சுரண்டி, நீரில் ஏற்றி, எண்ணெயில் அமிழ்த்தும் நூறுமடங்குப் பொருள்வில்லையில் பார்த்தேன். சேர் சொன்னது அப்படியே தெரிந்தது. முட்டை உருவம், கபில உட்சுவர், வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் இடையே புள்ளி புள்ளியாகத் தூண்கள், அரிந்த முனை. கீழ் மாதிரியிலும் மேல் மாதிரியிலும் ஒரே வித்திதான். சராசரி நீளம் 23 மைக்ரோமீற்றர், அகலம் 15.5. ஆகவே இரண்டும் ஒரே இனம் என்ற வளவுக்கார அண்ணையின் முதல் ஊகமே சரி, இரண்டும் கனோடெர்மா என்று நினைக்கிறேன்.

பூஞ்சணப் பித்தன் எழுதியது:

தங்கச்சி, அவ்வளவு பெரிய கனோடெர்மா வித்தியை நான் கண்டதில்லை. உங்கள் பார்வைத்துண்டிலுள்ள அளவுகோலின் ஒரு பிரிவுக்கு எத்தனை மைக்ரோமீற்றர் என்று எடுத்தீர்கள்? 2.5 என்றால் அது பெரும்பாலும் நாற்பதுமடங்குப் பொருள்வில்லைக்கு உரிய பெறுமானம். பொருள்வில்லையை மாற்றினால் பெறுமானமும் மாறும். 1 மில்லிமீற்றரை 100 பங்காக்கிய மேடை அளவுகோலை வைத்து, அதன் ஒவ்வொரு பங்கும் 10 மைக்ரோமீற்றர் என்று கொண்டு, நூறுமடங்கில் மறுபடி பொருத்திப் பாருங்கள். நூறுமடங்கு நாற்பதுமடங்கின் 2.5 பங்கு என்பதால், 23 ஐ 2.5 ஆல் வகுத்தால் 9.2 வருகிறது, அந்த எண் எனக்கு நம்பக்கூடியதாக இருக்கிறது.

இது சிறிய விடயம். பெரிய விடயம் வேறு. மேல் மாதிரியின் தூளை எங்கிருந்து சுரண்டினீர்கள்?

தாவரவியல் மாணவி எழுதியது:

அளவு விடயத்தில் நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது. நாற்பதுமடங்கின் பெறுமானத்தைக் கொப்பியில் எழுதிவைத்து, அதையே நூறுமடங்குக்கும் போட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

தூளை மேற்புறத்திலிருந்துதான் சுரண்டினேன். அங்கேதான் நிறைய இருந்தது.

பூஞ்சணப் பித்தன் எழுதியது:

வெட்கப்பட ஒன்றுமில்லை, இதைச் செய்யாதவர் எவரும் இல்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தட்டுக்காளானின் வித்திகள் அடிப்புறத் துளைகளால் வெளியேறுபவை. மேற்புறத்தில் வித்தி உண்டாவதில்லை. மேலே படிந்திருக்கும் தூள் காற்றில் சுழன்று வந்து விழுந்தது. மங்கிய மேலோடுடைய கனோடெர்மாவின் பெரிய தட்டு ஒன்று ஒரு நாளைக்கு 3,000 கோடி வித்திகள் வரை விடுவதாகக் கணித்திருக்கிறார்கள். அந்தத் தூள் கிணற்றுக் கட்டிலும் இருக்கிறது என்று முதற் பதிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்காகக் கிணற்றுக் கட்டு கனோடெர்மா ஆகிவிடுமா?

மேலுள்ளது மூன்று இரவு வைத்தும் எதுவும் உதிர்க்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தானே ஒரு வித்தியும் விடாத காளானின் முதுகில் அவ்வளவு தூள் எப்படி வந்தது? கீழிருப்பவர் தூவியது என்பதுதான் என் சந்தேகம். மேல் மாதிரியின் குழாய்களை உடைத்து, அவற்றின் உட்புறத்திலிருந்து எடுத்துப் பார்க்காமல் நான் எதையும் ஏற்கமாட்டேன்.

உரும்பிராய் வாத்தியார் எழுதியது:

பித்தன் சொல்வது மிகச் சரி. பிள்ளை, இம்முறை மேற்பரப்பைத் தொடவே வேண்டாம். அறுத்த முகத்தில் புதிய சவர அலகால் ஒரு படலத்தைச் சீவி எறிந்துவிடுங்கள். வாள் போன வழியில் வெளித்தூள் இழுபட்டிருக்கும். அதன்பின் இளமையான கடைசிக் குழாய் அடுக்கிலிருந்து, துளைகளுக்குக் குறுக்காக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மெல்லிய சீவலை எடுங்கள். அலகையும் ஊசியையும் மாதிரிக்கு மாதிரி மாற்றுங்கள். வித்தியை அளக்க நீரிலும், இழையைப் பார்க்கக் காரத்திலும் ஏற்றுங்கள். காரத்தில் சுவர்கள் ஊதக்கூடும், அதில் அளந்தால் எண் கூடிவரும். நிறமற்ற இழைகளுக்குக் கொங்கோச் சிவப்புச் சாயம் ஒரு துளி போதும்.

கனோடெர்மாவில் கொளுவியைத் தேடி நேரத்தை வீணாக்கியவர்கள் பலர். கொளுவி இருக்கும் ஆக்க இழைகள் மெல்லிய சுவருடையவை; முதிர்ந்த சதையில் அவை நசிந்து மறைந்துவிடும். வளரும் வெள்ளை விளிம்பில் தேடுங்கள்.

தாவரவியல் மாணவி எழுதியது:

இம்முறை அவசரப்படவில்லை; இரண்டு மாலைகள் எடுத்தேன்.

கீழ் மாதிரி: வித்திப்பதிவிலிருந்து 30 வித்திகளை, காம்புமுனையைச் சேர்க்காமல் அளந்தேன். நீளம் 8.4 முதல் 10.2 வரை, சராசரி 9.3 மைக்ரோமீற்றர், அகலம் 5.7 முதல் 6.8 வரை, சராசரி 6.2. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.5. விளிம்பில் கொளுவி கிடைத்தது. மெல்லிய இழை ஒன்று குறுக்குச்சுவரை அண்டியதும் பக்கவாட்டில் சிறு கைப்பிடி போல வளைந்து மறுபடி தன்னோடே சேர்கிறது. குவியத்தை ஒரு மயிரளவு திருப்பினாலும் மறைந்துவிடுகிறது. சதையில் தடித்த கபில வன்கூட்டு இழைகளும், அவற்றைச் சுற்றிக் கிளைத்துப் பின்னிய பிணைக்கும் இழைகளும் இருந்தன. மூன்று வகை இழைகள்.

மேல் மாதிரி: மேற்படலத்தைச் சீவி எறிந்தபின் குழாயின் குறுக்குவெட்டை ஏற்றினேன். முதல் நான்கு கண்ணாடி வழுக்கிகளில் வித்தியே இல்லை. ஐந்தாவதில், குழாய்ச் சுவரோடு ஒட்டியபடி ஏழெட்டு, அடுத்ததில் இன்னும் சில. இவை கனோடெர்மா வித்திகள் அல்ல. ஏறக்குறைய உருண்டை; துரு கலந்த மஞ்சள்; ஒற்றைத் தடித்த சுவர், முற்றிலும் வழுவழுப்பு; அரிந்த முனையோ தூண்களோ இல்லை. 14 மட்டுமே அளக்கக் கிடைத்தன: சராசரி 5.2 நீளம், 4.6 அகலம். கொளுவியை விளிம்பிலும் குழாயிலும் தேடினேன்; எங்கும் வெறும் குறுக்குச்சுவர்தான். குழாய்ச் சுவரில் மெல்லிய இழை, தடித்த கபில இழை என இரண்டு வகை மட்டும். முட்களைப் பன்னிரண்டு வெட்டுகளில் தேடினேன். ஒன்றும் இல்லை.

மெல்சர் என்ற அயடீன் திரவத்தில் இரண்டின் வித்திகளும் நீலமாகவில்லை.

இன்னொன்றையும் செய்தேன். மேல் மாதிரியின் மேற்புறத் தூளை மறுபடி ஏற்றி, கீழ் மாதிரியின் பதிவோடு அருகருகே வைத்து அளந்தேன். உருவத்திலும் அளவிலும் வேறுபாடில்லை. நான் முதலில் மேலுள்ளதன் வித்தி என்று எழுதியது முழுவதும் கீழுள்ளதன் வித்தி.

மரக்காலை எழுதியது:

கீழ்வீட்டுக்காரரின் மா இடிப்பு, மேல்வீட்டில் தூசி.

உரும்பிராய் வாத்தியார் எழுதியது:

பிள்ளை, நல்ல வேலை. ஏழெட்டு வித்திக்காக ஐந்தாவது வழுக்கி வரை போனீர்களே, அதுதான் இந்த உரையாடலிலுள்ள ஒரே சான்று. மற்றவை எல்லாம் ஊகம்.

இழைகளை இப்படி எண்ணிப் பிரிக்கும் முறை சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய கோர்னர் 1932 இல் கொண்டுவந்தது. நம் இலங்கைக் காடுகளிலும் கிடைக்கும் மஞ்சட்காற் காளானான மைக்ரோபோரஸ் சாந்தோபஸைப் பிரித்துப் பார்த்துத்தான் அவர் இழைத் தொகுதிகளை ஒருவகை, இருவகை, மூவகை என்று வகுத்தார். அதற்கு முன்னர் தட்டுக்காளான்களை நிறத்தாலும் தடிப்பாலும் துளையின் பருமனாலும் பிரித்தார்கள். அதனாலேயே பழைய பட்டியல்களில் பொலிபோரஸ், போமஸ் என்ற இரண்டு பெயர்களுக்குள் பாதி உலகம் அடங்கிக் கிடக்கிறது. பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து துவைற்ஸ் அனுப்பிய காளான்களை இங்கிலாந்தில் இருந்துகொண்டு பூஞ்சணவியலாளர்களான பேர்க்லியும் புரூமும் 1870களில் விபரித்தபோதும், 1905 இல் பூஞ்சணவியலாளர் பெச் பேராதனைக்கு வந்து வேலை தொடங்கியபோதும் இந்த இழைக்கணக்கு இல்லை. ஆகவே இலங்கைப் பட்டியலில் ஒரு பழைய பெயரைக் கண்டு, இதுதான் என்று நேரடியாக ஒட்டிவிடாதீர்கள்.

மேலுள்ளதில் கொளுவி இல்லை, சதை துரு நிறம், வித்தி வழுவழுப்பு. பெல்லினஸ் குடும்பம் என்பதில் எனக்கு ஐயமில்லை. முட்கள் இல்லை, வித்தி நிறமுடையது, மேலோடு வெடித்தது என்ற மூன்றும் சேரும்போது, முன்னர் பெல்லினஸுக்குள் இருந்து இப்போது தனியாகப் பிரிக்கப்பட்டுள்ள புல்விபோமஸ் பேரினத்துக்குப் போகிறது. குறுகிய பொருளில் இன்று பெல்லினஸ் என்று எஞ்சியிருப்பவற்றில் வித்தி நிறமற்றது, முட்கள் பெரும்பாலும் உண்டு.

தென்மராட்சித் தோட்டம் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. கொடிகாமத்தில் எங்களுக்குத் தென்னை உண்டு. பலாவின் அடியிலுள்ள அந்தக் கனோடெர்மா தென்னைக்குத் தொற்றுமா?

பூஞ்சணப் பித்தன் எழுதியது:

தென்னையின் அடித்தண்டு அழுகலோடு தொடர்புபடுத்தப்படும் முக்கியமான கனோடெர்மா அரக்குப் பிரிவைச் சேர்ந்தது. கனோடெர்மா பொனினென்சே என்பது அதன் பெயர். தமிழ்நாட்டில் 1952 இல் தஞ்சாவூரில் கண்டபின் தஞ்சாவூர் வாடல் என்று அழைக்கப்பட்ட நோயும் கனோடெர்மாவால்தான். தென்னையின் அடித்தண்டில் செங்கபிலச் சாறு வடிகிறதா என்று பாருங்கள். காளான் தலைகாட்டுவது அதற்குப் பிறகுதான். மேற்கொண்டு பேசுவதானால் தனி உரையாடல் தொடங்குங்கள். இங்கே பலாவை முடிப்போம்.

தாவரவியல் மாணவி எழுதியது:

அப்படியானால் கீழுள்ளதைக் கனோடெர்மா அப்ளனேட்டம் என்று எழுதலாமா? வெள்ளை அடிப்புறம் கீறினால் கபிலமாவது, மங்கிய மேலோடு, எல்லாம் அந்த விபரிப்புக்குப் பொருந்துகிறது. மேலுள்ளதைப் புல்விபோமஸ் ரிமோசஸ் என்று எழுத நினைக்கிறேன்; பெல்லினஸ் ரிமோசஸ் என்ற பழைய பெயரில் கேரளத்தில் பலா மரங்களிலிருந்தே அதைச் சேகரித்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

பூஞ்சணப் பித்தன் எழுதியது:

இரண்டிலும் நான் ஒரு படி பின்னே நிற்பேன்.

அப்ளனேட்டம் குளிர்ப் பிரதேசத்துக்குரியது. அதன் வித்தி சிறியது, நீளம் பெரும்பாலும் 8.5 மைக்ரோமீற்றருக்குள் நின்றுவிடும். அதன் சதையில் வெள்ளை நூற்கற்றைகள் அடிக்கடி தென்படும். வளவுக்காரன் அண்ணை வெட்டியதில் கடும் கபிலம் மட்டுமே. 9.3 சராசரி, வெப்பவலயம், கடும் கபிலச் சதை என்றால் கனோடெர்மா அவுஸ்திராலே என்ற இனத்தின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அந்தப் பெயரின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் நிற்கின்றன. கூட்டம் என்ற சொல்லைச் சேர்த்து, அவுஸ்திராலே கூட்டம் என்று எழுதுங்கள்.

ரிமோசஸ் என்ற சொல்லின் பொருளே வெடிப்புடையது என்பதுதான். 1845 இல் பேர்க்லி அவுஸ்திரேலிய மாதிரி ஒன்றுக்கு இட்ட பெயர் அது. அதற்குப் பிறகு மேலோடு வெடித்த கரிய குளம்பைக் கண்டவரெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். கேரளத்துப் பலாவில் அந்தப் பெயர் எழுதப்பட்டது என்பது அங்கே அப்படி அடையாளம் கண்டார்கள் என்பதற்கு மட்டும் சான்று. 14 வித்தியை வைத்து இனப்பெயர் எழுத என் கை வராது.

உரும்பிராய் வாத்தியார் எழுதியது:

முதலாவதில் உடன்படுகிறேன். இரண்டாவதில் பித்தன் சற்றுக் கடுமையாக இருக்கிறார் என்பது என் கருத்து. ரிமோசஸுடன் ஒப்பிடத்தக்கது என்று எழுதுவதில் தவறில்லை. அது உறுதிப்பெயர் அல்ல, பின்னர் பார்ப்பவருக்கு எங்கே தொடங்குவது என்று காட்டும் சொல். வெறும் பேரினப் பெயரை எழுதிவைத்தால், ஐந்து வருடத்தின் பின் பெட்டியைத் திறப்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டி வரும்.

பூஞ்சணப் பித்தன் எழுதியது:

ஒப்பிடத்தக்கது என்ற சொல் இருந்தால் எனக்கு மறுப்பில்லை, ஐயா.

வளவுக்காரன் எழுதியது:

பெயர்களை வாய் பழகிக்கொள்கிறேன். அவித்துக் குடிக்கச் சொன்னவரிடம் கீழுள்ளது மருந்து அல்ல என்று சொல்லிவிட்டேன், அவருக்குத் திருப்தியில்லை. இனி மரம். இரண்டு காளான் இருப்பதால் ஆபத்து இருமடங்கா?

மரக்காலை எழுதியது:

காளானை எண்ணாதீர்கள், அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். மரச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றி ஒரு சாணுக்கு ஒருமுறை தட்டுங்கள். திடமான மரம் கணீரென்று சொல்லும். உள்ளே போனது பறை போல மந்தமாகச் சொல்லும். எங்கே மந்தம் என்று சுண்ணக்கட்டியால் குறியுங்கள்.

வளவுக்காரன் எழுதியது:

தட்டினேன். கீழ்த் தட்டுக்காளானின் இரு பக்கமும், கிணற்றுப் பக்கமாக, அடிச் சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மந்தம்; முழங்கால் உயரத்துக்கு மேலே அது குறைகிறது. மேலுள்ள காயத்தைச் சுற்றி உள்ளங்கை அகலம் மட்டும். இலையெல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது, போன பருவத்தில் காயும் குறையவில்லை.

உரும்பிராய் வாத்தியார் எழுதியது:

இலை பச்சையாக இருப்பது ஆறுதல் தரும் செய்தி அல்ல, தம்பி. நீர் ஏறுவது வெளிப்புறத்து இளமரத்தின் வழியே. கனோடெர்மா அரிப்பது பெரும்பாலும் உள்வைரத்தையும் வேரடியையும். மரத்தை இறுக்கி நிறுத்துவதில் செலுலோசுடன் இலிக்னினுக்கும் பங்கு உண்டு. வெள்ளை உக்கல் அந்த இலிக்னினையே கரைக்கிறது. ஆகவே உச்சி செழித்திருக்க, அடி பஞ்சாக இருக்கலாம். மேலுள்ள புல்விபோமஸ் பழைய காயத்தோடு நிற்கிறது. அது அந்தக் கிளையிடத்தின் பிரச்சினை. உங்களுக்குக் கவலை தரவேண்டியது கீழுள்ளது. தட்டை வெட்டி எறிவதாலும் பயனில்லை; அது காளானின் காய்தான், உடல் மரத்துக்குள் இருக்கிறது.

மரக்காலை எழுதியது:

2020 இல் புரெவிப் புயல் வந்தபோது அடி உக்கிய மரங்கள்தான் முதலில் சாய்ந்தன. பார்வைக்கு நல்ல பச்சை மரங்கள். வாடைக்காற்றுக்கு உங்கள் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று பாருங்கள். குசினிப் பக்கம் என்றால் உச்சிப் பாரத்தைக் குறைப்பதில் தாமதம் வேண்டாம். முழுதாகத் தறிப்பதானால் பலாவுக்கு அனுமதி வேண்டும். மரம் தறிப்பதைக் கட்டுப்படுத்தும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் பலாவும் அடங்கும். கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு மந்தம் என்று எழுதி, படத்தோடு கொடுங்கள்.

வளவுக்காரன் எழுதியது:

குசினிப் பக்கம்தான். நாளைக்கு அந்தப் பக்கத்து இரண்டு பெரிய கிளைகளைக் குறைக்க ஆள் வருகிறார். தறிப்பதைப் பற்றி அம்மாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

தாவரவியல் மாணவி எழுதியது:

மாதிரிகளைக் காயவைத்து, வண்டு வராதிருக்க ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்துவிட்டேன். பைகளில் எழுதியது இது. தவறு இருந்தால் ஒட்டுமுன் சொல்லுங்கள்.

முதற் பை: கனோடெர்மா அவுஸ்திராலே கூட்டம். கோண்டாவில், வீட்டு வளவு. உயிருள்ள பலா, அடிமரம், நிலமட்டம். வெள்ளை உக்கல். வித்திப்பதிவு கோக்கோ நிறம். 30 வித்திகள், சராசரி 9.3 க்கு 6.2 மைக்ரோமீற்றர், நீரில் அளந்தது. கொளுவி உண்டு, வளரும் விளிம்பில். மூவகை இழை.

இரண்டாம் பை: புல்விபோமஸ், ரிமோசஸுடன் ஒப்பிடத்தக்கது. அதே மரம், பழைய கிளைக்காயம், நெஞ்சளவு உயரம். வித்திப்பதிவு கிடைக்கவில்லை, குழாயின் உள்ளிருந்து 14 வித்திகள், சராசரி 5.2 க்கு 4.6. கொளுவி இல்லை, முட்கள் இல்லை. மேற்பரப்பிலுள்ள கபில வித்திகள் இதனுடையவை அல்ல. முதற் பையைப் பார்க்க.